கட்டைத் தலையைப் பார்க்காமல் எஸ்டிமேட் போடாதீர்கள்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை பாதி ஓடியபிறகு ஒப்பந்தக்காரர் இரண்டாவதாக ஒரு கணக்குச் சீட்டை நீட்டுவார். அதில் "எதிர்பாராத வேலைகள்" என்று ஒரு வரி இருக்கும். டைல்ஸ், பெயின்ட், சமையலறை அலமாரி எல்லாவற்றுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. கூடத்து மூலையில் வயர் இழுப்பதற்காகப் பூச்சைக் கொத்துகிறார்கள், உள்ளே மேற்கூரைக் கட்டை பொடியாக உதிர்கிறது. "உடைச்சுப் பார்த்தாத்தான சார் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்" என்கிறார் மேஸ்திரி. வீட்டுக்காரரும் விதியே என்று ஒப்புக்கொள்கிறார். என்னால் அப்படி ஒப்புக்கொள்ள முடியவில்லை. நூறு வருஷத்து வீடு எங்கே கெடும் என்பது தெரிந்த சங்கதி. மரம் சுவருக்குள் நுழையும் இடத்தில், அதாவது கட்டைத் தலையில் கெடும். சுண்ணாம்பின் மேல் சிமென்ட் ஏறிய இடத்தில் கெடும். இந்த இரண்டையும் வேலை பேசுவதற்கு முன்பே திறந்து பார்த்துவிடலாம். அதற்கான கூலி, தரைக்குப் போடும் டைல்ஸ் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. ஆனாலும் யாரும் செய்வதில்லை.

நான் சொல்வது மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டை, மண்ணடி போன்ற இடங்களில் இன்னும் மிச்சமிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பற்றி. சுண்ணாம்புக் கலவையில் எழுப்பிய 14 அல்லது 18 அங்குலச் சுவர், அதன்மேல் தேக்குக் கட்டைகள், கட்டைகளின்மேல் செங்கல் தளம் என்ற அமைப்பு. புதுச்சேரி, கும்பகோணம், தஞ்சாவூர் வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். 1960-க்குப் பிறகு வந்த கான்கிரீட் கூரை வீடுகளின் கதை வேறு. அங்கே துருப்பிடித்து ஊதிய கம்பிதான் வில்லன், அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

எடை போய்ச் சேரும் இடம்

10 அடிக்கு 14 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டைகள் எப்போதும் குறுகிய பக்கத்தைத் தாண்டிப் போகும். அதாவது 10 அடியைக் கடந்து, இரண்டு 14 அடிச் சுவர்களிலும் உட்காரும். 3 அங்குல அகலம், 5 அல்லது 6 அங்குல உயரம், ஒன்றிலிருந்து ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை. அதன்மேல் டெரஸ் கல் என்று சொல்லும் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன் உள்ள மெல்லிய செங்கலைச் சுண்ணாம்பில் தோய்த்து, நிறுத்திவைத்த வாக்கில், அறையின் ஒரு மூலையிலிருந்து குறுக்காக அடுக்கிக்கொண்டே போவார்கள். அப்படி மூலைவாட்டில் போகும் ஒவ்வொரு வரிசையும் பல கட்டைகளைக் கடப்பதால் எடை ஒரே கட்டையின் தலையில் குவியாது. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3, 4 அங்குலம் கொட்டி, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு என்னும் தட்டை ஓடு இரண்டு வரிசை.

இதன் எடையைக் கூட்டிப் பார்த்தால் சதுர அடிக்குச் சுமார் 40 கிலோ வரும். 140 சதுர அடி அறைக்கு ஐந்தரை டன். அறையில் 12 கட்டைகள் இருந்தால் சுவரில் உட்காரும் முனைகள் 24. ஒவ்வொரு முனையும் கால் டன்னுக்குச் சற்றுக் குறைவான எடையை, 6 முதல் 9 அங்குல நீளத்துக்குள் சுவரில் இறக்குகிறது. இந்த முனைக்குத்தான் கட்டைத் தலை என்று பெயர். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற எவர் கண்ணுக்கும் அது படாது. கண்ணுக்குப் படும் 10 அடி நீளமும் மூன்று பக்கமும் காற்றாடக் கிடப்பதால், நனைந்தாலும் காய்ந்துவிடும். கெடுவதற்கு வாய்ப்பு மிகக் குறைந்த பகுதியைப் பார்த்துவிட்டு, "பர்மா தேக்கு சார், இரும்பு மாதிரி இருக்கு" என்று எஸ்டிமேட் போடுகிறார்கள்.

தலை ஏன் அழுகுகிறது

மரத்தின் பக்கவாட்டைவிட அதன் வெட்டுமுகம் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். கட்டைத் தலையில் சுவருக்குள் இருப்பது அந்த வெட்டுமுகம்தான். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20-ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் வரும் வழிகள் மூன்று. கைப்பிடிச் சுவரும் மாடித் தளமும் சேரும் மூலையில் விரிசல் விட்டால், மாடியில் விழுந்த மழை நேராகக் கட்டைத் தலைகளின் வரிசைமேல் இறங்கும். மாடித் தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்துக்கொண்டாலோ, தூம்பைச் சுற்றி ஊற விட்டாலோ, அந்த இரண்டு அடிக்குள் இருக்கும் தலைகள் போகும். வெளிச்சுவர்ப் பூச்சு உப்பி விலகினால் சாரல் உள்ளே போகும்.

பழைய தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. நல்ல வேலைப்பாடு உள்ள வீடுகளில் கட்டைத் தலைக்குத் தார் பூசியிருப்பார்கள், அடியில் ஒரு கருங்கல் துண்டு வைத்திருப்பார்கள், தலையைச் சுற்றிக் கலவை போட்டு அடைக்காமல் விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அந்த மூன்றும் கலையாத வீடுகளில் நூறு வருஷத்துக் கட்டையின் தலை இன்றும் துளையிட்டால் மஞ்சள் சுருளாகத்தான் வருகிறது. பிற்காலத்தில் வெள்ளையடிக்க வந்தவர்கள் அந்த இடைவெளியை "பல்லி முட்டை போடுது" என்று சிமென்ட் வைத்து அடைத்ததோடு கதை மாறியது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை.

கரையான் அடுத்தது. தேக்கின் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, அது சுலபத்தில் தொடாது. ஆனால் கட்டையின் ஓரத்தில் விடுபட்ட வெளிறிய பால்மரத்தையும், ஈரத்தில் ஏற்கெனவே இளகிப்போன பகுதியையும் தின்னும். சுவரின் நடுவே மண் கலவை இருந்தால் தரையிலிருந்து அதற்குள்ளேயே ஏறி வரும், வெளியே மண்கோடு தெரியாது. எனாமல் பெயின்ட் பூசிய மேல்தோல் மட்டும் அப்படியே நிற்கும். பார்வைக்குக் கட்டை, உள்ளே குழாய்.

எப்படிப் பார்ப்பது

முதலில் மாடிக்குப் போக வேண்டும். தூம்புகள், கைப்பிடிச் சுவர் மூலை, மாடியில் கட்டிய குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை எந்த அறையின் எந்தச் சுவருக்கு மேல் வருகின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகப்பட வேண்டிய தலைகளின் பட்டியல் இதிலேயே பாதி கிடைத்துவிடும். பிறகு கீழே வந்து கட்டைகளுக்கு எண் போடுங்கள், சாக்பீஸால் கட்டையின் மேலேயே எழுதலாம்.

கட்டைகளுக்குக் குறுக்கே நூல் பிடித்தால் எது தொங்குகிறது என்று தெரியும். 10 அடிக் கட்டை நடுவில் அரை அங்குலம் தொய்ந்திருந்தால் அது வயதின் தொய்வு, பயப்பட வேண்டாம். நடுவில் நேராக இருந்து சுவரோரத்தில் ஒரு நூல், இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இறங்கியிருந்தால் அதுதான் ஆபத்து. தலை நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டை சுவரில் நுழையும் இடத்துக்குக் கீழே பூச்சில் பிறை வடிவில் மெல்லிய விரிசல் இருந்தாலும் அதே அர்த்தம்தான். அதை மட்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள் என்பதால், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து சுத்தியல் பிடியால் தட்டுவது. நடுவில் தட்டி வரும் சத்தத்தையும் சுவரோரத்தில் வரும் சத்தத்தையும் ஒப்பிட வேண்டும். ஓரத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால் சந்தேகம். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை ஓரத்தில் வைத்து அழுத்தினால் நல்ல தேக்கில் நூலளவுதான் இறங்கும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது துளை. 5 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டு, சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளிக் கட்டையின் பக்கவாட்டில் ஆரம்பித்து, சுவருக்குள் இருக்கும் தலையை நோக்கிச் சாய்வாக இறக்க வேண்டும். மெதுவான வேகத்தில், கையால் அழுத்தத்தை உணர்ந்தபடி. மஞ்சள் பழுப்பில் சுருள் சுருளாக, தேக்கு வாசனையோடு வந்தால் நல்ல மரம். கறுத்த தூள் வந்தால் பூஞ்சை. ஈரப்பசையாக வந்தால் இன்னும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் பிட் சடாரென்று உள்ளே போனால் அங்கே மரமே இல்லை. பார்த்து முடித்ததும் துளையைத் தேக்குக் குச்சியால் அடைத்துவிட வேண்டும். அந்த அளவு துளையால் கட்டையின் பலம் குறையாது.

மாடிப் பட்டியலில் வந்த எல்லாத் தலைகளையும் துளையிட்டுப் பார்க்க வேண்டும், மற்றவற்றில் மூன்றுக்கு ஒன்று போதும். துளையில் சந்தேகம் வந்த இடங்களில் கட்டைக்கு அடியில் அரை அடிச் சதுரத்துக்குப் பூச்சை எடுத்து, தலை உட்காரும் கல்லையும் பாருங்கள். நான்கு அறை வீட்டுக்கு ஒரு தச்சரும் ஒரு கொத்தனாரும் இரண்டு நாள் வேலை செய்தால் முடியும். வீட்டின் மொத்தச் செலவைத் தீர்மானிக்கப்போவது அந்த இரண்டு நாள்தான் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பிறகு யாராவது எதிர்பாராத வேலை என்று சீட்டு நீட்டினால், அதை நியாயமாகவே கேள்வி கேட்கலாம்.

ஒட்டு வீடுகளில் இன்னொரு சங்கதி உண்டு, இதை முன்கூட்டியே நினைப்பவர் மிகக் குறைவு. திருவல்லிக்கேணித் தெருக்களிலும் அக்கிரகாரங்களிலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். உங்கள் கட்டைத் தலை இந்தப் பக்கம் 6 அங்குலம், பக்கத்து வீட்டுக் கட்டைத் தலை அந்தப் பக்கம் 6 அங்குலம், நடுவில் மிஞ்சுவது ஓரிரு அங்குலக் கலவை. பக்கத்து வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்பும்போது அவர்கள் கட்டையைப் பிடுங்கிய பொந்துகள் அப்படியே திறந்து கிடக்கும். நூறு வருஷமாக வீட்டுக்குள் இருந்த சுவர்முகம் பூச்சே இல்லாமல் மழைக்கு நேராக நிற்கும். ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை போதும், உங்கள் தலைகள் ஊறிவிடும். பக்கத்தில் இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த உடனே பேசி, பொந்துகளைச் செங்கலும் சுண்ணாம்பும் வைத்து அடைத்து, சுவர்முகத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு போடச் செய்ய வேண்டும். அவர்கள் அடித்தளத்துக்குத் தோண்டும் குழி உங்கள் சுவரின் அடிமட்டத்துக்குக் கீழே போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த வீடுகளின் அஸ்திவாரம் பல இடங்களில் மூன்று அடிக்கு மேல் போவதில்லை.

கெட்ட தலையை என்ன செய்வது

எந்த முறையானாலும் முதலில் முட்டு. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கட்டைகளுக்குக் குறுக்கே ஓர் இரும்பு உத்திரமோ 4 அங்குலச் சதுர மரமோ கொடுத்து, மூன்று அடிக்கு ஒரு ஜாக்கி முட்டு நிறுத்த வேண்டும். முட்டுக்கு அடியில் பலகை அவசியம். பழைய சிவப்புத் தரைக்குக் கீழே மண் இறங்கிப் பொள்ளலாக இருக்கும். மாடி அறையில் வேலை என்றால் கீழ்த்தளத்திலும் அதே நேர்கோட்டில் முட்டு வேண்டும். இங்கே நடக்கும் பெரிய தவறு, ஜாக்கியைத் திருகித் தொய்ந்த கூரையைத் தூக்கி நேராக்கப் பார்ப்பது. பல பத்தாண்டுகளாகத் தொய்வோடு இறுகிப்போன சுண்ணாம்புத் தளம் அது. கால் அங்குலம் தூக்கினாலும் மேலே தளம் பிளக்கும். முட்டு கட்டையைத் தொட்டு இறுகினால் போதும், அதற்கு மேல் ஒரு திருகுகூட வேண்டாம்.

ஓரிரு தலைகள் மட்டும் ஓர் அடிக்குள் கெட்டிருந்தால் சி-சேனல் என்னும் C எழுத்து வடிவ இரும்புச் சட்டம் போடுவது நல்ல வழி. கெட்ட பகுதியையும் அதற்கு அப்பால் 3 அங்குல நல்ல மரத்தையும் அறுத்து எடுத்துவிட்டு, கட்டையின் இரண்டு பக்கமும் 75 அல்லது 100 மில்லிமீட்டர் சேனலை அணைத்து, 12 மில்லிமீட்டர் போல்ட்டால் இறுக்க வேண்டும். சேனல் நல்ல மரத்தின்மேல் குறைந்தது இரண்டரை அடி படிய வேண்டும். குறைவாகப் படிந்தால் போல்ட் துளையில் மரம் பிளக்கும். குறைந்தது நான்கு போல்ட் வேண்டும், ஒரே கோட்டில் போடாமல் மேலும் கீழுமாக மாற்றிப் போட்டு, அகலமான வாஷர் கொடுக்க வேண்டும். சேனலின் மறுமுனை சுவருக்குள் 6 அங்குலம் போய்க் கருங்கல்லின் மேலோ சிறு கான்கிரீட் துண்டின் மேலோ உட்கார வேண்டும். வெறும் செங்கலில் உட்கார்ந்தால் அந்தச் செங்கல் நொறுங்கும். 100 மில்லிமீட்டர் சேனல் மீட்டருக்கு ஒன்பதரை கிலோ அளவில் வரும், ஆகவே ஒரு தலைக்கு எவ்வளவு இரும்பு என்று முன்பே கணக்குப் போட்டுவிடலாம். துத்தநாக பிரைமர் இரண்டு கை அடிக்காமல் எந்த இரும்பும் சுவருக்குள் போகக் கூடாது.

ஒரு சுவரில் வரிசையாகத் தலைகள் போயிருந்தால், ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவதில் பணமும் நாளும் வீண். சுவரை ஒட்டி, கட்டைகளுக்கு அடியில், சுவர் நீளத்துக்கும் ஓர் இரும்பு உத்திரம் ஓடவிட்டு, நான்கு ஐந்து அடிக்கு ஒரு தாங்கி கொடுத்துவிட்டால் எல்லாக் கட்டைகளும் அதன்மேல் உட்கார்ந்துவிடும். அழுகிய தலை சுவருக்குள் அப்படியே கிடந்தாலும் எடை அங்கே போகாது. உயரத்தில் அரை அடி குறையும், ஓரத்தில் ஜன்னல் இருந்தால் இடிக்கும். இருந்தாலும் இந்த முறையில் மேலே தளத்தைத் தொடவே வேண்டாம் என்பதால், நல்ல நிலையில் இருக்கும் தளத்துக்கு இதைத்தான் நான் முதலில் யோசிப்பேன்.

கட்டை முழுவதும் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதற்கு அந்தக் கட்டைக்கு இரண்டு பக்கமும் தளத்தைப் பிரித்தாக வேண்டும். இதற்குப் புது மரத்தைவிடப் பழைய மரக்கடையில் கிடைக்கும், இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்கே மேல். பல பத்தாண்டு காய்ந்து, முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கி முடிந்தது. வாங்கும்போது அதன் தலைகளையும் துளையிட்டுப் பாருங்கள். வைப்பதற்கு முன் தலைக்குத் தார் பூசி, கல் வைத்து, சுற்றிலும் இடைவெளி விட்டு, பழைய கொத்தர் செய்ததை அப்படியே செய்ய வேண்டும்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு கான்கிரீட் போட்டுடலாம்" என்று சொல்லாத ஒப்பந்தக்காரர் அபூர்வம். கான்கிரீட் கெட்ட பொருள் இல்லை. 5 அங்குலத் தளமும் அதற்கு மேல் ஜல்லியும் ஓடும் சேர்த்தால் எடை பழைய தளத்துக்கு அருகில்தான் வரும். சிக்கல் வெயிலில் இருக்கிறது. 30 அடி நீளக் கான்கிரீட் தளம் 25 டிகிரி சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும், இரவில் சுருங்கும். சுண்ணாம்புச் சுவரின் உச்சியைத் தினமும் தள்ளி இழுத்துக்கொண்டே இருக்கும். தளத்துக்குக் கீழே கிடையாக ஓடும் விரிசலுக்கு அதுதான் காரணம். போட்டே தீர வேண்டும் என்றால், சுவரின் உச்சியைச் சமமாகப் பூசிக் காயவிட்டு, தார் அட்டை இரண்டு அடுக்கு விரித்து, அதன்மேல் தளம் நழுவ இடம் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கான்கிரீட் போடச் சொல்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

சுண்ணாம்பின் மேல் சிமென்ட்

மாடி ஒழுகுகிறது என்றவுடன் தட்டோட்டின் மேல் 2 அங்குலம் சிமென்ட் தளம் போட்டுவிடுவது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. சதுர அடிக்குப் 10 கிலோவுக்கு மேல் எடை கூடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட அறைக்கு ஏறத்தாழ ஒன்றரை டன். இரண்டு தலைமுறையில் இரண்டு முறை போட்ட வீடுகளும் உண்டு. எடையைவிட மோசம் ஈரம். சிமென்ட் தளம் வெயிலில் விரிசல் விடும், தண்ணீர் அதன் வழியே கீழே போகும், ஆனால் அதே வழியில் ஆவியாகி வெளியேறாது. அடியில் உள்ள சுண்ணாம்பு ஜல்லி மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும், அந்த ஈரத்துக்கு மிஞ்சிய ஒரே வழி கீழே இருக்கும் மரம். நீர்காப்பு ரசாயனப் பூச்சும் ஈரத்தளத்தின் மேல் அடித்தால் இதையேதான் செய்யும். புதுச்சேரியில் 1870-களின் மேரி என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு, பராமரிப்பு விட்டுப்போன சுண்ணாம்புக் கட்டடத்துக்குள் இறங்கும் மழையின் வலு தெரியும்.

சரியான வழி, மேலே ஏறிய சிமென்ட்டைக் கையுளியால் எடுப்பது. உடைக்கும் மின்கருவி இங்கே வரவே கூடாது, அதன் அதிர்வு டெரஸ் கல்லின் கலவையை உதிர்த்துவிடும். கீழே சுண்ணாம்பு ஜல்லி இறுகி இருந்தால் அதைத் தொடாமல் தட்டோடு மட்டும் புதிதாகப் பதிக்கலாம். பொலபொலத்திருந்தால் புதிதாகப் போட வேண்டும். 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறைக் கணக்குகளில் ஓடும் பழைய விகிதம் இது. 4 அங்குலம் கொட்டினால் அடித்து முடிக்கும்போது 3 அங்குலத்துக்கு வர வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே, அடிக்கும் கட்டை துள்ளி எழும்பும் வரை, நாள்கள் ஆனாலும் அடிக்க வேண்டும். தண்ணீர் வடியும் வாட்டம் 10 அடிக்கு 2 முதல் 2½ அங்குலம். ஆள் கிடைக்க மாட்டார்கள் என்று சொல்வதை நம்ப வேண்டாம். சேப்பாக்கத்தில் 2012 தீ விபத்தில் சிதைந்த கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பைக் கொண்டே மீட்டது. அந்த வகை வேலை செய்த கைகள் இன்றும் இருக்கின்றன. கூலி அதிகம், அவ்வளவுதான்.

கீழே சுவரில் ஓதம். சென்னையில் சாலையின்மேல் சாலை போட்டு உயர்த்தியதில், தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போன வீடுகள் பல இன்று தெருமட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ வந்துவிட்டன. அடிச்சுவர் ஈரத்தில் நிற்கிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தவரை அந்த ஈரம் இரண்டு அடிக்குள் ஆவியாகிவிடும். நான்கு அடிக்குச் சிமென்ட் பூசி மூடியதும் ஈரம் அதற்கு மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் உப்பாகப் பூக்கிறது. உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது. ஓதக்கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை சிமென்ட் பூச்சைக் களைந்து, செங்கல் இடுக்கை முக்கால் அங்குலம் கீறி, உப்பை உலர்ந்த பிரஷால் மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள் போகும். ஒரு கோடை முழுக்கத் திறந்து காயவிட்டு, ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்பு மணல் கலவையில் இரண்டு கை பூசி, மேலே வெள்ளையே அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

புதிதாக நாமே உண்டாக்கும் கோளாறுகள்

கூடத்தையும் அடுக்களையையும் ஒன்றாக்க நடுச்சுவரை எடுப்பது இப்போது எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. அந்தச் சுவர்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் 10 அடிக் கட்டைகள் உட்கார்ந்தால், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஆட்கள் நடமாட்டத்தையும் சேர்த்து அரை டன்னுக்கு மேல் எடை. கட்டைகள் அந்தச் சுவருக்கு இணையாக ஓடினால் கூரை எடை குறைவு, ஆனால் மாடியில் அதே இடத்தில் சுவர் இருக்கலாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தில்லாமல் ஒரு செங்கல்லையும் எடுக்கக் கூடாது. பழைய கதவு நிலைக்கு மேலும் கவனம் வேண்டும். பல வீடுகளில் அங்கே கல்லோ வளைவோ இருக்காது, ஒரு மரப்பலகையும் கதவு நிலையும் சேர்ந்துதான் சுவரைத் தாங்கும். அகலமான கதவுக்காக நிலையைப் பிடுங்கினால் மேலே சுவர் இறங்கும்.

வயரிங்குக்குச் சுவரைக் கீறும்போது நெடுக்கான கீறல் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒன்றையும், கிடையான கீறல் ஆறில் ஒன்றையும் தாண்டக் கூடாது. 9 அங்குலச் சுவரில் கிடையாக ஒன்றரை அங்குலம். நாலரை அங்குலத் தடுப்பில் முக்கால் அங்குலம்தான், அதற்குள் குழாயே அடங்காது. ஆகவே கிடையாகக் கீறவே விடாதீர்கள், மேலிருந்து நேராக இறக்கச் சொல்லுங்கள். மின்விசிறிக் குழாய்க்காக இரண்டு கட்டைகளுக்கு நடுவே டெரஸ் கல்லைக் குடைவது இன்னும் மோசம். கட்டையின் பக்கத்தில் வெளிக்குழாயாக ஓட்டிவிடலாம்.

மாடியில் குளியலறை கட்டி, குழாய்களை மறைக்க ஓர் அடிக்கு உடைசல் நிரப்பினால் சதுர அடிக்கு 45 கிலோ. கூரையின் சொந்த எடையே இரட்டிப்பாகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியைத் தளத்தின் நடுவில் வைத்தால் நாலடி வட்டத்தில் ஒரு டன். தொட்டி இருக்க வேண்டிய இடம் இரண்டு கனமான சுவர்கள் சேரும் மூலை, அதுவும் சுவரிலிருந்து சுவருக்குப் போகும் இரும்பு உத்திரத்தின் மேல். கட்டைகளை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போடுவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். காற்றோட்டம் நின்று, ஒழுகலும் கரையானும் கண்ணில் படாமல் பல வருஷம் ஓடும்.

வேலையை எப்படிப் பேசுவது

திறந்து பார்க்கும் வேலைக்குத் தனிக் கூலி, தனி ரசீது. அதைச் செய்பவரே பிறகு வேலையையும் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். எண் போட்ட கட்டைப் பட்டியல் கையில் வந்தபின், சதுர அடி ரேட்டை விட்டுவிட்டு இனவாரியாக விலை கேளுங்கள்: ஒரு கட்டைத் தலைக்குச் சேனல் போட எவ்வளவு, இரும்பு கிலோவுக்கு எவ்வளவு, தளம் பிரித்துப் போடச் சதுர அடிக்கு எவ்வளவு, ஓதப் பூச்சு எவ்வளவு. துளையில் சிக்காத தலை பின்னால் கெட்டது என்று தெரிந்தாலும், அதற்கான விலை ஏற்கெனவே எழுத்தில் இருக்கும்.

வரிசையும் முக்கியம். மாடித் தளம், கட்டைகள், சுவர், வயரிங், தரை. பெரும்பாலோர் டைல்ஸ் கடையில் ஆரம்பிக்கிறார்கள். மழை ஓய்ந்து ஜனவரியில் தளவேலையைத் தொடங்கினால், சுண்ணாம்பு அடித்து ஈரச்சாக்கு போட்டு ஆற்றி, சித்திரை வெயில் கடுமையாவதற்குள் முடிக்கலாம். முடிந்ததும் மாடியில் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் தேக்கிச் சோதிக்கும் கான்கிரீட் பழக்கம் இங்கே வேண்டாம், தளம் தேவையில்லாமல் ஊறும். ஒவ்வொரு தூம்பருகிலும், கைப்பிடிச் சுவர் மூலையிலும் ஹோஸ் பைப்பால் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடவிட்டு, கீழே ஒருவர் நின்று கட்டைத் தலைகளைப் பார்த்தால் போதும்.

சரிசெய்த தலைகளுக்கு அடியில் திறந்த பூச்சை அந்த வருஷம் மூட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று முறை ஈரமானி வைத்துப் பாருங்கள். அளவு 20-க்குக் கீழேயே நின்றால், தை மாதம் பூசிப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையையும் அதுவரை நிறுத்திவைப்பது என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.